ஏழு பேருக்கான வண்டி

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் பிரேக் மாஸ்டர். மீதிப் பாதிப் பேர் அவரிடம் இரண்டு நாள் படித்துவிட்டு, சைக்கிளே போதும் என்று திரும்பிப் போனவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருபத்திரண்டு வருட உத்தியோகம். அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவன் ஏதாவது சுவரைப் பார்த்து ஆசையாகப் போனால், மாஸ்டர் பேச்சை நிறுத்தாமலே வலது காலால் அதை அழுத்துவார். வண்டி நிற்கும். சுவர் பிழைக்கும்.

நாளாக ஆக அந்தக் காலுக்குத் தனியாக மூளை முளைத்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் தரையை அழுத்தும். முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் வந்தால் அழுத்தும். தூக்கத்தில் கனவு கண்டால் மனைவியின் முழங்காலுக்குக் கீழே அழுத்தும். "கல்யாணமான நாள்லேருந்து என் காலுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தா இப்போ வீடே கட்டியிருக்கலாம்" என்பாள் அவள். ஒரு தடவை பழகுகிற பையன்கள் நான்கு பேர் சேர்ந்து, அவருடைய பிரேக் கட்டைக்கு அடியில் சைக்கிள் மணியைக் கட்டிவிட்டார்கள். மாஸ்டர் கோபப்படவில்லை. ஒரு ரவுண்டு முடிந்ததும், "பத்தொன்பது மணி அடிச்சிருக்கு. பத்தொன்பது பேர் உன்கிட்டேருந்து தப்பிச்சிருக்காங்க. அடுத்த ஆளு வா" என்றார். மணி அப்புறம் ஒரு மாதம் அங்கேயே இருந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. ஸ்கூல் காரைச் சாயங்காலம் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வருவார். குடும்பத்தோடு எங்கே போனாலும் பஸ்தான். குடும்பம் என்றால் ஏழு பேர். மாஸ்டர், மனைவி, இந்த வருடம்தான் லைசென்ஸ் வாங்கிய பெரியவள், எட்டாவது படிக்கும் சின்னவள், மனைவியின் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய ஐந்து வயதுப் பாப்பா. எந்த பஸ்ஸிலும் ஏழு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்ததில்லை. போன தடவை பெரியவள் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வந்தாள். சின்னவள் யாரோ ஒரு அம்மாவின் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தாள். பாப்பா, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல், மாஸ்டரின் ஷூவுக்குள் வாந்தி எடுத்தது.

அந்த ஷூவைக் கழுவிக்கொண்டே மாஸ்டர் சொன்னார்: "போதும். வாங்கறோம். ஏழு பேரும் உக்கார்ற மாதிரி, இடிச்சாலும் ஏழு பேரும் எழுந்து வர்ற மாதிரி, ஒரு பெரிய வண்டி."

மச்சினன்தான் முதலில் கை தட்டியது. பதினாறு வயதில் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவன். மாஸ்டர் வீட்டுச் சோற்றில்தான் மீசை முளைத்தது. கல்யாணத்துக்குப் பிறகுதான் தனி வீடு பார்த்துப் போனான். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் மாஸ்டர்தான். அவர் காலை ஒரு தடவைகூட அழுத்த வைக்காத ஒரே மாணவன் அவன். அதை மாஸ்டர் எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது சொந்த மகனைப் பற்றிச் சொல்வது போலக் குரல் கொஞ்சம் ஏறும்.

வண்டி தேடும் படலம் மூன்று மாதம் நடந்தது. மாஸ்டர் ஒரு நோட்டுப் போட்டார். அதில் நாற்பத்தொரு கேள்வி. வீட்டிலிருந்த பெரிய நீலப் பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் ஷோரூமுக்குப் போவார். மூன்று வரிசை சீட்டையும் நிமிர்த்தி வைத்தால், பின்னால் ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லாத வண்டிகள் ஏராளம் என்பது அவர் கண்டுபிடிப்பு. பெட்டியோடு வாசலில் நின்றவரைப் பார்த்து ஒரு ஷோரூம் காவலாளி, வீட்டில் சண்டையா என்று விசாரித்துத் தண்ணீர் கொடுத்தார்.

கடைசி வரிசையில் போய்த் தானே உட்காருவார். கதவைச் சாத்தச் சொல்லிப் பத்து நிமிடம் அசையாமல் இருப்பார். முழங்கால் எங்கே இடிக்கிறது, தலைச்சாய்ப்பு தலை வரைக்கும் வருகிறதா, இல்லை கழுத்தோடு நின்றுவிடுகிறதா, நடுச்சீட்டுக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் இருக்கிறதா, இல்லை இடுப்புக்கு மட்டும் ஒரு நாடாவா என்றெல்லாம் எழுதிக்கொள்வார். "உள்ள இருக்கற சாருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று விற்பனைப் பெண் மனைவியிடம் கேட்பாள். "அவர் நல்லாத்தான் இருக்கார். நாங்கதான் மூணு மாசமா சரியில்ல" என்பாள் மனைவி.

"சார், இதுல முன்சீட்டு ரெண்டும் மசாஜ் பண்ணும்" என்றான் ஒரு ஷோரூம்காரன்.

"மோதினா?"

"சார்?"

"மோதின பிறகும் பண்ணுமான்னு கேட்டேன்."

சின்னவளுக்குக் கூரை திறக்க வேண்டும். "தலையை வெளிய நீட்டிட்டே போலாம்பா!" "நீட்டின தலை திரும்பி உள்ள வரணுமில்ல?" என்று மாஸ்டர் விளம்பரப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்தே போட்டுவிட்டார். பெரியவளுக்கு ஏழு சீட்டுக்கும் போன் சார்ஜ் போட வழி வேண்டும். மனைவிக்கு முட்டி வலி. ஏறுவதற்குப் படியும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருந்தால் போதும். ஒரு வண்டியைப் பார்த்து, "இதுல ஏர்றதுக்கு ஏணி வேணும் போலிருக்கே. இது வண்டியா, மாடித் தண்ணித் தொட்டியா?" என்று கேட்டு அந்தக் கடையையே சிரிக்க வைத்தாள்.

நாற்பத்தொரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன புதுவண்டிகள் எல்லாம் விலையில் எட்டாத உயரத்தில் நின்றன. பழைய வண்டிதான் என்று ஆனது. பழைய வண்டி என்றதும் மச்சினன் நெஞ்சைத் தட்டினான். அவனுக்கு வேலையே பழைய கார் விற்கும் யார்டில்தான்.

"அத்தான், இனிமே வெளிய எங்கயாவது போய் நின்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் எதுக்கு இருக்கேன்?"

யார்டின் கடைசி மூலையில் நின்றது அந்தச் சாம்பல் நிற வண்டி. ஏழு சீட். நீலப் பெட்டி வைத்த பிறகும் பின்னால் ஒரு சாண் மிச்சம். மூன்றாவது வரிசையில் மாஸ்டர் பத்து நிமிடம் உட்கார்ந்தார். பதினோராவது நிமிடமும் இறங்கவில்லை. மனைவி கைப்பிடியைப் பிடித்து ஒரே மூச்சில் ஏறினாள். ஏறிய பிறகு எல்லோரையும் மேலேயிருந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

"இப்போ ஓட்டிப் பாக்கலாம் அத்தான். அக்கா ஆபீஸ்ல இருக்கட்டும், நீங்க உங்க சீட்ல உக்காருங்க" என்றான் மச்சினன்.

இங்கேதான் மாஸ்டர் தப்புச் செய்தார். வேறு யாராவது என்றால் ஓட்டுநர் சீட்டில் ஏறியிருப்பார்கள். மாஸ்டரோ மறுயோசனையில்லாமல் சுற்றிப் போய்ப் பக்கத்துச் சீட்டில் ஏறினார், நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டார், பேனா மூடியைக் கடித்துக் கழற்றினார். அவர் கேட்பார், ஓட்டுகிறவன் பார்த்துச் சொல்வான், அவர் டிக் போடுவார். இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சோதனை என்றால் இதுதான்.

"கைப்பிரேக்?"

"சரி."

"ஹார்ன்?"

அடித்துக் காட்டினான்.

"ஏர்பேக் விளக்கு?"

மோதினால் வெடித்து விரிந்து முகத்தைத் தாங்குகிற காற்றுப்பைக்கு, ஓட்டுகிறவன் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், சில நொடியில் அணைய வேண்டும். அப்படியென்றால் பைகள் விழித்திருக்கின்றன. இதை மாஸ்டர் ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் நாளே சொல்லுவார். பக்கத்துச் சீட்டிலிருந்து பார்த்தால் ஸ்டீரிங் மறைக்கும். விளக்கு தெரியாது.

மச்சினன் சாவியைத் திருப்பினான். குனிந்து பார்த்தான். "எரியுது அத்தான். ஒண்ணு... ரெண்டு... மூணு... ம், அணைஞ்சிடுச்சு."

மாஸ்டர் டிக் போட்டார். எண்ணிச் சொல்கிறானே என்று மனதுக்குள் ஒரு சபாஷும் போட்டார்.

பணம் கட்டி முடிந்ததும் வண்டியை மச்சினனே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். ஒரு வாரம் அது அங்கேயே நின்றது. முதல் ஓட்டம் ஏழு பேரோடுதான் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். சின்னவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மாஸ்டர் காலையும் மாலையும் துணியோடு சுற்றி வந்தார். துடைத்துத் துடைத்துச் சாயம் போய்விடப் போகிறது என்று மனைவி சொன்னாலும், கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொள்ள அவளும் இரண்டு தடவை வெளியே வந்தாள்.

ஆறு மணி நேரத் தூரத்தில், மலைமேல் ஒரு ஏரி. மூன்று நாள் பயணம். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி ஏறிவிட்டது. ஏழு தண்ணீர் பாட்டில், ஏழு போர்வை. பாப்பாவுக்கென்று மாஸ்டர் தனியாக வாங்கிய குழந்தைச் சீட்டு நடுவரிசையில் கட்டியாகிவிட்டது. அப்போது மச்சினன் போன் செய்தான்.

"அக்கா, நாங்க ட்ரெயின்ல வந்துடறோம். பாப்பாவுக்குப் பெரிய வண்டி ஒத்துக்காது. வாந்தி எடுப்பா."

"பஸ்லயும்தானே எடுத்தா? அதுக்காக வராம இருந்தாளா? உன் அத்தான் ஒரு சீட்டே வாங்கிக் கட்டி வெச்சிருக்காருடா!"

"இல்லக்கா, பதினொண்ணரை ட்ரெயினுக்கு டிக்கெட் போட்டாச்சு. அங்க பாக்கலாம்." வைத்துவிட்டான்.

"அவ ஏதாவது சொல்லியிருப்பா. தனியாப் போகணும்னு இருக்கும்" என்று மனைவி பழியைத் தம்பி பெண்டாட்டி பக்கம் தள்ளினாள். மாஸ்டர் மூன்று தண்ணீர் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தார்.

அகலமான ரோடு வரைக்கும் பெரியவள் ஓட்டலாம் என்று ஏற்பாடு. அவள் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டு திறந்தது.

"கைப்பிரேக்?"

"சரிப்பா."

"ஏர்பேக் விளக்கு?"

"எரியலையே."

"அவசரப்படாதே. சாவியை மறுபடி திருப்பிப் பாரு."

"எரியலப்பா. மத்த எல்லாம் எரியுது. அது மட்டும் இருட்டா இருக்கு."

மாஸ்டர் இறங்கிச் சுற்றி வந்தார். மகளை இறக்கிவிட்டு அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். அணைத்தார். திருப்பினார். அவர் கண் எதிரிலேயே அந்த இடம் கறுப்பாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மச்சினன் குரல் காதுக்குள் எண்ணியது.

"லைட்டுதானே எரியல? வண்டி ஓடுதில்ல? கிளம்புங்க" என்றாள் மனைவி.

"எல்லாரும் இறங்குங்க" என்றார் மாஸ்டர்.

வயரிங் கடைக்காரர் மாஸ்டரிடம் படித்தவர்தான். கடையைத் திறந்து, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். அப்புறம் ஸ்டீரிங் நடுமூடியைக் கழற்றினார். உள்ளே பையில்லை. மெத்தைப் பஞ்சில் ஒரு துண்டு வட்டமாக வெட்டி வைத்திருந்தது. டாஷ்போர்டின் பக்கத்துச் சீட்டுப் பகுதியை விரலால் தட்டினார். ஓரத்தை மெதுவாக நெம்பினார். அங்கேயும் பஞ்சு. மேலே புதுத்தோல் ஒட்டி, ஓரம் தெரியாமல் சாயம் பூசியிருந்தார்கள்.

"மாஸ்டர், இந்த வண்டி முன்ன ஒரு தடவை நல்லாவே முட்டியிருக்கு. பை ரெண்டும் வெடிச்சிருக்கு. புதுசு மாட்டாம மூடிட்டாங்க. இன்னொரு தடவை முட்டினா பின்னால இருக்கறவங்களுக்கும் உத்தரவாதம் இல்ல. விளக்கு காட்டிக் குடுத்துடும்னு அதோட பல்பையும் புடுங்கிட்டாங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "யாரு மாஸ்டர் உங்க தலையில கட்டினது?"

மாஸ்டர் அந்தப் பஞ்சுத் துண்டைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். நல்ல பஞ்சு. அழுத்தினால் உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது. ஒன்று பெரியவளின் முகத்துக்கு, இன்னொன்று அவருடைய முகத்துக்கு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மச்சினன் மூன்று வரை எண்ணியதை மட்டும் சொல்லவில்லை.

"அவனையும் சேர்த்து ஏமாத்தியிருப்பாங்க" என்றாள் அவள் உடனே. "யார்டு முதலாளி பண்ணியிருப்பான். என் தம்பிக்கு எப்படித் தெரியும்? உங்க பசங்க எல்லாம் பாக்காமலேயே சரின்னு சொல்லுவானுங்கன்னு நீங்களே புலம்புவீங்களே. அந்தப் பழக்கத்துல சொல்லியிருப்பான்."

"இருக்கலாம்."

"இருக்கலாம் என்ன இருக்கலாம்? அப்படித்தான்!"

"சரி, அப்படித்தான்."

அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வாங்க. அவன் ட்ரெயின் பதினொண்ணரைக்குத்தான். நேரா கேட்டுடலாம். நான் பேசறேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்குத் தெரியாதுன்னு உங்களுக்குக் காட்டறேன்."

பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, நான்கு தெரு தள்ளியிருந்த தம்பி வீட்டுக்கு, ஆள் நடக்கிற வேகத்தில் மாஸ்டர் வண்டியை ஓட்டினார். மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த நான்கு தெருவும் மாஸ்டர் மனதுக்குள் வேண்டிக்கொண்டே போனார். அவள் ஜெயிக்க வேண்டும், தான் தோற்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். பார்க்காமல் எண்ணியிருக்கலாம். விளையாட்டுக்கு எண்ணியிருக்கலாம். மூன்று வரைக்கும் எண்ணுவதில் என்ன இருக்கிறது?

அவர்கள் பையோடு வாசலில் டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் பாப்பா கத்தியது: "அத்தை! பெரிய வண்டி!"

"வாங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "நான் எவ்வளவோ சொன்னேன், சேர்ந்து போலாம்னு. இவர்தான் ட்ரெயின்னு ஒரே அடம்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தன் செருப்பைப் பார்த்தான்.

"டாக்ஸி எதுக்குடா? ஏறுங்க, ஸ்டேஷன்ல விட்டுட்டு நாங்க அப்படியே மலைக்குப் போறோம்" என்றாள் அவள், சாதாரணமாக.

"வேண்டாங்க்கா. டாக்ஸி வந்துட்டே இருக்கு."

"வந்தா அனுப்பிடலாம்."

அதற்குள் பாப்பா யாரையும் கேட்காமல் படியில் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, உள்ளே ஏறிவிட்டது. நடுவரிசையில் தனக்கென்று கட்டியிருந்த சீட்டைப் பார்த்ததும் அதற்குக் கால் தரையில் படவில்லை. "எனக்கு! இது எனக்கு!" என்று உட்கார்ந்துகொண்டு, மாமாவைப் பார்த்துக் கையை ஆட்டியது.

"பாப்பா, இறங்கு" என்றான் தம்பி.

"மாட்டேன்."

"இறங்குன்னு சொல்றேனில்ல!"

ஓடிப்போய், கதவை அகலத் திறந்து, குழந்தையை இடுப்போடு வாரி வெளியே இழுத்தான். இழுத்த வேகத்தில் அதன் ஒரு செருப்பு உள்ளேயே விழுந்தது. குழந்தை முதலில் பயந்து பார்த்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

"ஏன்ப்பா? அக்காங்க ரெண்டு பேரும் இதுலதானே போறாங்க? நான் மட்டும் ஏன் போகக் கூடாது?"

டாக்ஸி வந்து ஓரமாக நின்றது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா வண்டிக்குள் கையை விட்டு அந்தச் சின்னச் செருப்பை எடுத்தாள். குனிந்து குழந்தையின் காலில் மாட்டிவிட்டாள். நிமிர முட்டி வலித்தது, கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"அக்கா, எட்டு மாசமா அந்த வண்டி யார்டை விட்டுப் போகல. இந்த மாசம் அதைத் தள்ளிவிடலேன்னா என்னை வேலைக்கு வராதேன்னுட்டாங்க." அவன் மாஸ்டர் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்க இருக்கற வண்டி எங்கயும் மோதாது. அந்தப் பையெல்லாம் உங்களுக்குத் தேவையே படாது அத்தான். உங்க கால் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த தைரியத்துலதான்..."

அவன் அதை நிஜமாகவே நம்பித்தான் சொன்னான். அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் காலைப் பற்றி எல்லோரும் கேலி பேசினார்கள். யாருமே அதை வைத்து அவரை ஏமாற்றியதில்லை.

"அப்போ உன் பொண்ணை ஏன்டா இறக்கினே?" என்றாள் அக்கா. "அத்தான் கால் அவளுக்கும் சேர்த்துத்தானே?"

தம்பி மனைவி கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, அவனிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

"சாவியை அவன்கிட்ட குடுங்க" என்றாள் அக்கா. "எங்கேருந்து கொண்டுவந்தானோ அங்கேயே கொண்டுபோய் விடட்டும். அவன் முதலாளிகிட்ட அவனே பேசிப் பணத்தை வாங்கித் தரட்டும். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மாஸ்டர் சாவியை நீட்டினார். மச்சினன் வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றுதான் உத்தரவு. மாஸ்டர் ஐந்து வார்த்தை பேசினார்.

"பெல்ட்டைப் போட்டுக்கிட்டு மெதுவா ஓட்டிட்டுப் போ."

இரண்டு பேரும் நடந்து திரும்பினார்கள். இரண்டாவது தெருவில் அவருடைய பழைய மாணவன் ஒருவன் ஸ்கூட்டரிலிருந்து, "என்ன மாஸ்டர், புது வண்டி எங்க?" என்று கத்தினான். "சர்வீஸுக்கு விட்டிருக்கோம்" என்று மனைவி பதில் கத்தினாள். கத்திய பிறகு அவள் முகம் கோணிக்கொண்டது. தம்பிக்காக அவள் சொன்ன பொய் இது எத்தனையாவது என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாவது தெருவில் கேட்டாள்: "நீங்க வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"விளக்கு எரியற மாதிரி எண்ணிக் காட்டினான். மூணு வரைக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன் தம்பியாச்சே."

அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒட்டி நடந்தாள். முட்டி வலித்ததால் மெதுவாக நடந்தாள், அவரும் மெதுவாக நடந்தார்.

"பெரியவளுக்கு ஓரளவு புரிஞ்சிருக்கும்" என்றாள். "சின்னவ கேப்பா. மாமா ஏன் வரல, இனிமே எப்போ வருவாருன்னு. என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லணும்."

"எதை? மெத்தைப் பஞ்சையா? பாப்பாவை இழுத்து இறக்கினதையா?"

வீட்டு வாசல் வந்துவிட்டது. உள்ளே பெரியவள் போர்வைகளை மடித்து வைத்துக்கொண்டே ஏதோ சொல்வதும், சின்னவள் சிரிப்பதும் கேட்டன. வாசல் கதவின் தாழ்ப்பாளை யார் திறப்பது என்று தெரியாதவர்கள் போல, இருவரும் வெளியிலேயே நின்றார்கள்.